த்ரொட்டல் பொடிக்குப் போகும் கூலன்ட் ஹோஸைக் கழற்றலாமா?



இப்போது கராஜுக்குக் கார் கொண்டு போனால், "சேர், அந்தச் சின்ன ஹோஸைக் கழற்றி நேரே இணைச்சு விடுவம், பெற்றோல் மிச்சமாகும்" என்று சொல்வது வழமையாகிவிட்டது. ஒரே காரில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியர்கள் நாங்கள் நால்வரும் நம்பிச் செய்தோம். பெற்றோல் காசைப் பங்கு போடுகிறவர்களுக்கு அந்தச் சொல் இனிக்கத்தானே செய்யும். பட்டுவிட்டுச் சொல்கிறோம்: கழற்ற வேண்டாம்.

அவர்கள் சொல்லும் காரணம் இதுதான். ஏறக்குறைய 90 பாகைச் சூட்டில் வரும் கூலன்ட் த்ரொட்டல் பொடியைச் சூடாக்குகிறது, உள்ளே போகும் காற்றும் சூடாகி ஐதாகிறது, இழுவை குறைகிறது. கேட்க விஞ்ஞான பாடம் போலவே இருக்கிறது. ஆனால் காற்று அங்கே நிற்பதில்லை, கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் ஏறும் சூடு கணக்கில் எடுக்கிற அளவு இல்லை. ஹோஸைக் கழற்றினாலும் எஞ்சின் சூடு அந்த உலோகத்துக்கு ஏறத்தான் செய்யும்.

பிறகு ஏன் அந்த ஹோஸ்? குளிரான இடத்தில் ஈரக் காற்று ஒடுங்கிய வழியால் பாயும்போது இன்னும் குளிர்ந்து, உள்ளேயிருக்கும் தகட்டில் ஐஸ் பிடிக்கும். தகடு இறுகினால் எஞ்சின் சொல் கேட்காது. தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் நுவரெலியாவுக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் கரையோர வெயிலில் அந்தப் பயம் இல்லை, ஒத்துக்கொள்கிறோம்.

எங்களைப் பிடித்தது மற்றக் காரணம். 90களின் ஹொண்டா சிவிக் போன்ற பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில், காலையில் ஐட்லிங்கைக் கூட்டிவைக்க மெழுகு அடைத்த ஒரு வால்வு உண்டு. சூடான கூலன்ட் வந்தால்தான் மெழுகு விரிந்து, மேலதிகக் காற்று போகும் வழியை மூடும். கூலன்ட் வராவிட்டால் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே அது நினைத்துக்கொள்ளும். எங்கள் காரில் 800இல் நின்ற ஐட்லிங் 1,500ஐ விட்டு இறங்கவில்லை. பெற்றோல் மிச்சம் பிடிக்கப் போய், சந்தியில் நிற்கும்போதெல்லாம் கூடுதலாக எரித்தோம்!

மூன்றாவது கிழமை, இணைத்த இடத்தில் கிளிப் நழுவிக் கூலன்ட் கொட்டியது. டெம்பரேச்சர் முள் ஏறுவதைக் கண்டவுடன் எஞ்சினை நிறுத்தியதால் ஹெட் கஸ்கட் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். முதல் பாடவேளை தப்பவில்லை.

த்ரொட்டல் பொடிக்குள்ளேயே கூலன்ட் கசிந்தால், திருத்தும்வரை நேரே இணைத்து ஓட்டுவது வேறு விஷயம். இப்படி மாற்றிய காரை விற்பதானால் வாங்குகிறவரிடம் சொல்லியே விற்க வேண்டும். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமானதல்ல.

பழையபடி பூட்டித் தாருங்கள் என்று போனோம். கழற்றிய ஹோஸை பாஸ் அன்றைக்கே எறிந்துவிட்டாராம். புதிய ஹோஸுக்கும் இரண்டு கிளிப்புக்கும் நால்வரும் மறுபடி பங்கு போட்டோம்.