நான்கு ஆட்டம் பார்த்தால் போதுமா?

இராயபுரம் கல்மண்டபத்துத் தேநீர்க் கடைகளில், கால்பந்துப் பருவம் தொடங்கிய மூன்றாம் வாரமே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "இந்த அணி தேறாது!" இந்த அவசரம் அறிவியலுக்கு ஒவ்வாதது என்பேன்.

மாணவ நண்பர்களே, ஒரு நாணயத்தை எடுத்துப் பூவா தலையா போட்டுப் பாருங்கள். நான்கு முறை சுண்டினால், மூன்று முறையாவது பூ விழும் வாய்ப்பு 16-இல் 5. இது மிகச் சாதாரணம். 40 முறை சுண்டி, 30 முறையாவது பூ விழுவதோ ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று! நாணயம் அதேதான், சுண்டிய தடவைதான் வேறு. கால்பந்தில் கோல்களும் குறைவு. ஆகவே கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரே பந்து ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடும். பலமான எதிரணிகள் தொடக்கத்திலேயே வரிசையாக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

2015 இந்தியன் சூப்பர் லீக்கில் நம் சென்னையின் எப்.சி. முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. 10 ஆட்டங்கள் முடிந்தபோது 10 புள்ளிகளே. பலர் கைகழுவிவிட்டார்கள் (நானுந்தான்). எஞ்சிய நான்கிலும் வென்று மூன்றாம் இடத்துக்கு ஏறியது. டிசம்பர் 20 அன்று இறுதியாட்டத்தில் கோவா அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தது.

இழந்த புள்ளி திரும்பி வராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசிச் சில வெற்றிகளைக் கண்டு, "இனி இதை யாராலும் அசைக்க முடியாது" என்றதும் அதே பிழைதான். 2016-இல் எட்டு அணிகளில் சென்னை ஏழாவது, கோவா எட்டாவது.