நன்றியறிதலும் ஏழைக்கு உதவுதலும்

பிறரிடமிருந்து ஒன்றைப் பெற்றவுடன் வாயால் வந்தனம் கூறிவிடுதலே நன்றியென்று நம்மிற் பலர் கருதுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு கருதினாரல்லர். நன்றி என்னுஞ் சொல் பழந்தமிழில் ஒருவர் செய்த நன்மையையே குறித்தது. அந்நன்மையை அறிதலே பெற்றவனது கடமை. திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல் என்றும், 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல் என்றும் பெயர் பெற்றுள்ளன. பெற்ற உதவியும் அறியப்படவேண்டுவது. பிறர்க்குச் செய்யும் உதவியும் அறிந்து செய்யப்படவேண்டுவது. இவ்விரண்டு அறிவும் ஒன்றினின்று ஒன்று பிறப்பன என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முதலாவது, நாம் பெற்றவற்றை அறிவோமா? விடுதியில் மாணவனொருவன் காலையில் உண்ணும் இட்டிலியை நோக்குக. நெல்லும் உளுந்தும் விளைத்தவர் சிலர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டினவர் சிலர். உண்டபின் பாத்திரந் துலக்குவோர் சிலர். அரசாங்கம் கல்விச்சாலைகளுக்கு வழங்கும் பொருளிலும், கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கும் கூலியாள் செலுத்தும் வரி கலந்திருக்கின்றது. இவர்களுட் பெரும்பாலோர் முகத்தை நாம் கண்டதுமில்லை. ஆதலின் இக்கடன் கொடுத்தவரிடமே தீர்க்கத்தக்கதன்று. திருப்பித்தர இயலாத வேறொருவர்க்கு உதவியே தீர்க்கத்தக்கது.

இங்ஙனம் வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ஆம் ஆண்டில் வடமலாபுரம் என்னுஞ் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்த இவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்று, பின்னர்ச் சென்னையில் வைத்தியம் கற்றார். பிரசவ வைத்தியராதல் வேண்டுமென்பது இவரது விருப்பம். ஆனால் கொடிய மூட்டுவாதம் இவர் விரல்களைக் கோணச் செய்தது. 1948-ஆம் ஆண்டில் இராணுவ வைத்தியப் பணியினின்றும் விலக நேர்ந்தது. இவரோ சோர்ந்திலர். கண் வைத்தியத்தை மேற்கொண்டு, கோணிய விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகித் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். அரசாங்க உத்தியோகத்தினின்றும் 58-ஆம் வயதில் ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். பொருளுடையார் கொடுக்குங் கட்டணத்தைக்கொண்டே இல்லாதார்க்கும் பார்வையளிப்பது அதன் முறை.

எனினும், அவ்வைத்தியசாலையின் வரலாற்றில் நம் கருத்துக்கு மிகவும் ஏற்றது வேறொரு செய்தி. கிராமங்களில் முகாம் அமைத்துப் பரிசோதித்து, இலவசமாகவே சிகிச்சை செய்வோமென்று அழைத்தும், பலர் வந்திலர். இரங்குவோர் மட்டுமாயின், ஏழைகளின் அறியாமையே காரணமென்று சொல்லி அமைந்திருப்பர். இவர்களோ காரணத்தை வினவினர். அச்சம் ஒருபுறமிருக்க, மதுரைக்குச் செல்ல வண்டிச்செலவில்லை; தங்கும் நாட்களுக்கு உணவில்லை; துணைவருவோர்க்கு நாட்கூலி போய்விடும். இவற்றை அறிந்தபின், வண்டியும் உணவும் வைத்தியசாலையே அளிக்கத் தொடங்கிற்று. இலவசம் என்னுஞ் சொல் கொடுப்போனுக்கு ஒருவாறும் பெறுவோனுக்கு வேறொருவாறும் பொருள்படுகின்றது என்பதை இதனால் அறிகின்றோம். இதுவன்றோ ஒப்புரவு அறிதல்!

முன்னர்ப் பொருள் தேடுவோம், பின்னர்த் தருமஞ் செய்வோம் என்பார் உளர். குடும்ப பாரம் தாங்கும் ஏழை மாணவன் முதலிற் சம்பாதிக்க விரும்புதல் குற்றமன்று. ஆயினும் ஈவதற்குரியது பொருள் ஒன்றேயன்று. வெங்கடசாமி ஓய்வு பெற்றபொழுது பெருஞ்செல்வராயிருந்தாரல்லர். கற்ற வித்தையே அவர்தம் கைப்பொருள். கற்றது எதற்காக என்று கலங்கும் பட்டதாரிகள் இந்நாளிற் பலர். தன் கல்வி யாருடைய குறையைத் தீர்க்கும் என்று ஒருவன் தேடத் தொடங்குவானாயின், அக்கலக்கம் தானே நீங்கும். ஏழைக்கு உதவுபவன் ஏழைக்கு மட்டும் உதவுகின்றானில்லை; தன் வாழ்வுக்கும் ஒரு பொருளைத் தேடிக்கொள்ளுகின்றான்.

ஆதலின், மாணவ நண்பர்காள், இரவில் உறங்குமுன் அன்று யார் யார் உழைப்பால் வாழ்ந்தோமென்று சிறிதுபொழுது எண்ணிப் பாருங்கள். அவருள் ஒருவருடைய பெயரையேனும், அவர் வீட்டு நிலையையேனும் மறுநாள் கேட்டறியுங்கள். அவர் மகனுக்குக் கணக்குப் புரியவில்லையோ, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத ஆளில்லையோ, யாரறிவார்? கேட்டாலன்றோ தெரியும்! முன்னே வினவி, பின்னே உதவுவோம். வாயளவில் நின்ற நன்றி கையளவிலும் வருமாயின், நாம் கற்ற கல்வி பயனுடைத்தாகும்.