நிறுத்தக்குறிகளும் ஆசிரியர் யார் என்னும் ஐயமும்

திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்ச் சிவன் கோயிலில் சோழர்காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்வது குறியின்மையே. மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இராது. தொடர் முடியும் இடமும் காட்டப்பட்டிராது. எங்கே நிறுத்துவது என்பதைப் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். ஓலைச்சுவடிகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. நன்னூலார் எட்டு வகைப் பொருள்கோளை வகுத்தது செய்யுளுக்கே எனினும், சொற்களைக் கூட்டுவதும் பிரிப்பதும் படிப்பவரின் புலமையைச் சார்ந்தவை என்னும் கருத்து அதனுள் அடங்கியிருக்கிறது.

இத்தகைய மரபில் பயின்ற தமிழாய்வுத் துறையிலும் இப்போது ஒரு புதுவகை ஐயம் தலைகாட்டுகிறது. கட்டுரையிலோ ஆய்வேட்டிலோ தொடரின் நடுவே நீண்ட கிடைக்கோடு சில இடங்களில் தென்பட்டால், அரைப்புள்ளி பிழையின்றி இடப்பட்டிருந்தால், அது செயற்கை நுண்ணறிவின் ஆக்கமோ என்று கருதும் போக்கு அது. ஆங்கில எழுத்துலகில் எழுந்த இவ்வையம் அப்படியே தமிழுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஐயத்திற்கு அடிப்படையே இல்லை என்று கூறிவிட முடியாது. விளக்கத்தை இடையே செருகுவதற்குத் தமிழில் எச்சங்கள் உள்ளன; பிரித்துக் காட்டுவதற்கு ஏகாரம் உள்ளது; ‘அதாவது’ என்பது போன்ற சொற்களும் உள்ளன. நீண்ட கோட்டின் தேவை தமிழ்த் தொடருக்கு மிகக் குறைவு. ஆதலால் பக்கந்தோறும் அக்கோடு வரும் தமிழ் உரைநடை, ஆங்கிலத் தொடரமைப்பின் நிழலில் உருவானது என ஊகிக்கலாம். ஆயினும் அந்த ஊகம் நடையைப் பற்றியது. எழுதியவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. ஆங்கிலம் மிகுதியாகப் படிக்கும் ஆய்வாளர் ஒருவரின் தமிழிலும் அந்நிழல் விழும்.

தமிழில் நிறுத்தக்குறிகளின் வரலாறே இதற்கு விளக்கம் தருகிறது. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அவற்றை உரைநடையில் முறையாகக் கையாண்ட முன்னோடியாகப் போற்றப்படுகிறார். பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்ற அவருக்கு ஆங்கில உரைநடையின் குறிகள் புதியன அல்ல. அயலிலிருந்து வந்த கருவி என்பதற்காக நாவலரின் உரைநடையை எவரும் அவருடையதன்று எனக் கூறியதில்லை. பழம்பனுவல்களின் நிலை இன்னும் தெளிவானது. சங்கப் பாடலில் இன்று காணப்படும் காற்புள்ளியும் வினாக்குறியும் புலவர் இட்டவை அல்ல, பதிப்பாசிரியர் இட்டவை. மர்ரே எஸ். ராஜம் 1950களில் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளைப் பயன்படுத்துவோர் இதை நன்கறிவர். குறிகளைக் கொண்டு பாடலின் ஆசிரியரைத் துணிவது அங்கே எவருக்கும் தோன்றாது.

ஆய்வேடுகளின் ஆக்கமுறையையும் இங்கே கருத வேண்டும். கையால் எழுதித் தட்டச்சு மையத்தில் கொடுத்து ஆய்வேட்டை உருவாக்குவது தமிழ்த் துறைகளில் நெடுநாள் வழக்கம். அங்கே குறிகளை இடுபவர் பல வேளைகளில் தட்டச்சர். மென்பொருளும் தன் பங்கைச் செய்கிறது. இரு சிறுகோடுகளை அடுத்தடுத்து இட்டால் சொற்செயலி அவற்றைத் தானே நீண்ட கோடாக மாற்றிவிடும். பாமினி எழுத்துருவில் ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில் இருப்பது மெய்ப்புள்ளி. காற்புள்ளியின் இடத்தில் இருப்பது இகரம். அவ்வெழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய கோப்புகளில் குறிகள் இடம்மாறிக் கிடப்பதைக் கண்டிராத ஆய்வாளர் அரியர். இவ்வளவையும் கடந்து வந்த ஒரு கோட்டை ஆசிரியரின் கையொப்பமாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்?

கருவிகளை நம்பியவர்களின் பட்டறிவும் எச்சரிக்கையே தருகிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 சனவரியில் வெளியிட்ட கண்டறிகருவியைத் துல்லியக் குறைவினால் அதே ஆண்டு சூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திர எழுத்தெனத் தவறாகக் குறிக்கப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் எழுத்தொப்புமையை விழுக்காட்டால் அளக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. நிறுத்தக்குறிக்கு அவற்றில் இடமே இல்லை. ஆகவே குறியை வைத்து ஐயுறும் தேர்வாளர் விதியின் துணையின்றியே ஐயுறுகிறார்.

இதனால் இழப்பு யாருக்கு? இயந்திரத்தைக் கொண்டு எழுதுபவர் ஒரே கட்டளையில் அக்கோடுகளை நீக்கிவிடுவார். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் ஆலைப் பணியாளர் குடும்பத்திலிருந்து முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வருபவரோ, இலக்கண நூலைப் பார்த்துப் பார்த்துக் குறிகளை இடுபவர். அவருடைய திருத்தமே அவருக்கு எதிராக நிற்கும். ஐயத்துக்கு அஞ்சி அரைப்புள்ளியையே கைவிடும் நிலை வருமாயின், நாவலர் கைப்பழக்கமாக்கிய ஒரு கருவியைத் தமிழ் உரைநடை காரணமின்றி இழக்கும்.

சோதிக்க வேண்டிய இடங்கள் வேறு. இயந்திரம் இல்லாத பாடலடியைச் சங்கப் பாடலாகக் காட்டக்கூடும். நூற்பா எண்ணைப் பிறழ்த்தக்கூடும். உரையாசிரியர் கூறாததை அவர் கூற்றாக்கக்கூடும். மேற்கோள் ஒவ்வொன்றையும் பதிப்போடு ஒப்புநோக்குவதற்குப் பொழுதும் உழைப்பும் வேண்டும். கோடுகளை எண்ணுவதற்கு அவை வேண்டா. ஆய்வாளரின் குறிப்பேடுகளையும் முதல் வரைவையும் நெறியாளர் அவ்வப்போது பார்த்து ஒப்பமிட்டு வந்தால், வாய்மொழித் தேர்வில் கோட்டைக் குறித்த கேள்வியே எழாது.