தினமும் சேதமாகும் டிஎன்ஏ... சரிசெய்வது யார்?

நண்பகல் வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். உங்கள் தோலில் இருக்கும் டிஎன்ஏ சேதமடையத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடுவது புதிதல்ல.

நல்லவேளை, பெரும்பாலான சேதத்தை உடலே சரிசெய்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்த மூவருக்கு 2015இல் வேதியியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது. ஆய்வுத் துறைக்குப் போகலாமா என்று யோசிக்கிறீர்களா? அவர்களில் இருவரின் கதை உங்களுக்குத்தான்.

சேதம்னா என்ன?

டிஎன்ஏ நான்கு 'எழுத்துகளால்' ஆனது.

- வெயில்: பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு 'டி' எழுத்துகளை ஒட்டவைத்துவிடும்.
- தண்ணீர்: உயிரணுவில் இருக்கும் தண்ணீரே 'சி' எழுத்தை, டிஎன்ஏயில் இருக்கக்கூடாத 'யு' ஆக மாற்றிவிடும்.

சரிசெய்வதற்குள் டிஎன்ஏ நகலெடுக்கப்பட்டால் எழுத்துப்பிழை நிலைத்துவிடலாம். அத்தகைய பிழைகள் சேர்ந்தால் புற்றுநோய் வரலாம்.

கண்டுபிடித்தது யார்?

ஸ்வீடனின் தாமஸ் லிண்டால் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 'போஸ்ட்டாக்' ஆய்வாளர். முனைவர் பட்டம் முடித்தவர்கள் நிரந்தர வேலை கிடைக்கும்முன் ஒப்பந்த அடிப்படையில் செய்யும் ஆய்வுப் பணி அது.

அங்கு அவர் ஆராய்ந்தது ஆர்என்ஏயை. சூடாக்கினால் அது சட்டென்று சிதைந்தது. அப்படியென்றால் டிஎன்ஏ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? அந்தக் கேள்வியோடு ஸ்வீடன் திரும்பினார். டிஎன்ஏவும் தானாகவே சிதைகிறது என்று தெரியவந்தது. 1974இல் அந்த 'யு'வை அகற்றும் நொதியைக் கண்டறிந்தார்.

துருக்கியில் பிறந்த அஸிஸ் சான்ஜாரின் நிலைமை இன்னும் மோசம். போஸ்ட்டாக் பணிக்கு 3 இடங்களில் விண்ணப்பித்தார். மூன்றிலும் கிடைக்கவில்லை. ஆய்வை விட மனமில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கே தொடங்கிய வேலையின் முடிவு 1983இல் வெளிவந்தது. கதிர்களால் சேதமான இடத்தின் இரண்டு பக்கமும் நொதிகள் வெட்டி, 12, 13 எழுத்துகள் கொண்ட துண்டையே அகற்றுகின்றன என்று காட்டினார்.

சரி, இதனால என்ன பயன்?

சில புற்றுநோய் உயிரணுக்களில் ஒரு பழுதுபார்ப்பு வழி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். இன்னொரு வழியையும் மருந்தால் அடைத்தால் அவை பிழைக்க முடியாது. 'ஒலபாரிப்' மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. கருப்பைப் புற்றுநோயோடு பலரும் குழப்பிக்கொள்ளும் சூலகப் புற்றுநோய்க்கு 2014இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. லிண்டாலின் நொதிக்கும் அதற்கும் இடையே 40 ஆண்டு.

சிக்கல் எங்கே?

போஸ்ட்டாக் ஒப்பந்தம் பெரும்பாலும் 2, 3 ஆண்டுதான். அதற்குள் கட்டுரை வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம். அதனால் சீக்கிரம் விடை கிடைக்கும் கேள்விகளையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். டிஎன்ஏ ஏன் சிதைவதில்லை என்பது போன்ற கேள்விகள் ஓரங்கட்டப்படலாம்.

சான்ஜார் ஜெயித்துவிட்டார் என்பதற்காக எல்லாருக்கும் அது நடக்கும் என்று நம்பிவிட முடியாது. விண்ணப்பிக்கும்முன் கேளுங்கள்:

- ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? நீட்டிக்க வழி உண்டா?
- சொந்தக் கேள்வியை ஆராய நேரம் கிடைக்குமா?
- வெளியேறும்போது அந்த ஆய்வை உங்களோடு கொண்டுபோகலாமா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. லிண்டால் பிரின்ஸ்டனிலிருந்து கொண்டுபோனது ஒரு கேள்வியைத்தான்.