சந்திரகாந்தாவுக்காக எழுத்துப் படித்தவர்களும், தமிழ் படிக்காத நம் பிள்ளைகளும்

வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்பது நாம் பேசிப் பேசி அலுத்துப்போன விஷயம். பொங்கல் விழாவில் நாலு குடும்பம் சேர்ந்தால் போதும், புலம்பல் ஆரம்பித்துவிடும். "பேசறான் சார், படிக்கத்தான் வரலை" என்று ஒருவர் சொல்ல, "எங்க வீட்லயும் அதே கதைதான்" என்று மற்றவர் சொல்ல, சாம்பார் சாதத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

என் கட்சி வேறு. எழுத்து கஷ்டம் என்பது பாதி உண்மைதான். படித்தே தீரவேண்டும் என்று அரிக்கிற கதை எதையும் நாம் அவர்கள் கையில் கொடுக்கவில்லை என்பதுதான் மீதி. இதற்குச் சாட்சியாக ஓர் இந்தி நாவலைக் கூப்பிடப் போகிறேன். யாரும் அடிக்க வராதீர்கள் :-)

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 'சந்திரகாந்தா' என்றால் தூர்தர்ஷன்தான் ஞாபகம் வரும். 1994ல் தொடங்கி வந்த நீர்ஜா குலேரியின் தொடர். "யக்கூ" என்று கத்தும் குரூர் சிங், மந்திரம், மாயம், வாள் சண்டை. இந்தி ஒரு வார்த்தை தெரியாமலேயே ஊரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த இர்ஃபான் கான்கூட அதில் நடித்திருந்தார்.

ஆனால் மூலம் ஒரு நாவல். தேவகி நந்தன் கத்ரி (1861-1913) எழுதியது, 1888ல் வெளிவந்தது. கத்ரி, காசி மகாராஜாவின் ஆளுகையில் இருந்த சகியா, நவ்கட் காடுகளில் குத்தகை எடுத்து வேலை பார்த்தவர். காட்டுக்குள் இடிந்து கிடந்த கோட்டைகளையும் குகைகளையும் பார்த்துப் பார்த்து, அவற்றின் மேல் ஒரு கற்பனை ராஜ்ஜியத்தைக் கட்டினார்.

கதை இதுதான். நவ்கட் இளவரசன் வீரேந்திர சிங்கும் விஜயகட் இளவரசி சந்திரகாந்தாவும் காதலிக்கிறார்கள். விஜயகட் மந்திரியின் மகன் குரூர் சிங்குக்கு அவள்மேல் ஆசை, சிம்மாசனத்தின் மேலும் ஆசை. ராஜாவின் மனதில் விஷத்தை ஊற்றிப் பார்க்கிறான். பலிக்காதபோது சுனார்கட் அரசன் சிவதத்திடம் போய்ச் சேர்ந்து, சொந்த ராஜ்ஜியத்தின் மேலேயே படையைக் கூட்டி வருகிறான். நடுவில் 'ஐயார்'கள். வேஷம் மாற்றுவதில் கில்லாடிகளான ஒற்றர்கள். மயக்கப்பொடி, நூலேணி, தோளில் ஒரு பை. யார் நிஜம், யார் வேஷம் என்று பக்கத்துக்குப் பக்கம் குழப்புவார்கள். அப்புறம் 'திலிஸ்ம்'. உள்ளே போனால் வெளியே வரமுடியாத மாயப் பொறிக்கூடம். சந்திரகாந்தா அதில் மாட்டிக்கொள்ள, அதை உடைத்து அவளை மீட்பது வீரேந்திரனின் வேலை.

வேடிக்கை என்னவென்றால், ராஜ்ஜியம் கற்பனை, ஊர்கள் நிஜம். சுனார் கோட்டை மிர்சாப்பூர் மாவட்டத்தில் கங்கைக்கரையில் இன்றும் நிற்கிறது. நவ்கட் இன்றைய சந்தௌலி மாவட்டம், விஜயகட் சோன்பத்ரா மாவட்டம். அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். சுனாரில் ஆட்டோக்காரர்கூட, இது சந்திரகாந்தா கோட்டை என்றுதான் காட்டுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அந்தப் பிரதேசத்தில் படித்தவர்களில் பெரும்பகுதி உருதுக்காரர்கள். கோர்ட்டும் கச்சேரியும் உருது எழுத்தில். நாகரி எழுத்துக்குக் கோர்ட்டில் அனுமதி கிடைத்ததே 1900ல்தான். பேச்சு மொழி புரியும், ஆனால் நாகரி எழுத்து தெரியாது. நம் பிள்ளைகளின் நிலைமைதானே இது? அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் சந்திரகாந்தாவைப் படிப்பதற்காகவே எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். இதைப் பதிவு செய்தவர் ராமச்சந்திர சுக்லா, இந்தி இலக்கிய வரலாற்றை 1929ல் எழுதிய பெரிய விமர்சகர். அவருக்கு இந்த நாவலின்மேல் பெரிய மதிப்பு கிடையாது. இது சம்பவங்களை அடுக்கும் கதை, இலக்கிய வரிசையில் சேராது என்று தள்ளிவிட்டார். ஆனால் கத்ரி உண்டாக்கிய அளவுக்கு வாசகர்களை வேறு எந்த எழுத்தாளரும் உண்டாக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். இதில் ஆரம்பித்தவர்கள் பிறகு நல்ல இலக்கியத்துக்குப் போனார்கள், சிலர் எழுதவும் செய்தார்கள் என்றும் சொல்கிறார்.

எதிர்க்கட்சி வக்கீலே நமக்குச் சாதகமாகச் சாட்சி சொன்ன மாதிரி!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பொதுத்துறை வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும், செப்டம்பர் வந்தால் இந்தி தினம், போட்டிகள், பரிசுகள். பிரபோத், பிரவீண், பிராக்யா என்று பரீட்சைகள். பாஸ் செய்தால் ஊக்கத்தொகை. நானும் எழுதினேன், பாஸானேன். அதற்காக ஒரு இந்திப் புத்தகத்தைத் தேடிப்போய் எடுத்துப் படித்தேனா என்றால் இல்லை. சர்க்குலரால் நடக்காதது, ரயிலடியில் வாங்கிய பழைய சந்திரகாந்தாவால் நடந்தது. எழுத்துக்கூட்டி ஆரம்பித்து, சபலா என்ற பெண் ஐயார் வேஷம் போட்டு எதிரியை ஏமாற்றும் இடம் வந்தபோது எழுத்துக்கூட்டுவது எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

கத்ரியின் தொழில் ரகசியம் சிக்கலானது இல்லை. ஒன்று, பண்டித நடையை விட்டுவிட்டு ஜனங்கள் பேசும் மொழிக்கு நெருக்கமாக எழுதினார். இரண்டு, சின்னச் சின்ன அத்தியாயங்கள். மூன்று, இடைஞ்சலான இடத்தில் நிறுத்திவிடுவார்.

நாம் என்ன செய்கிறோம்? வார இறுதித் தமிழ் வகுப்பில் அறம் செய்யச் சொல்கிறோம், ஆறுவது சினம் என்று ஒப்பிக்க வைக்கிறோம், பத்துக் குறளுக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசு தருகிறோம். பையன் பரிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் கதைப் புத்தகம் படிக்கிறான். தமிழ் என்றால் புத்திமதி, ஆங்கிலம் என்றால் கதை. எட்டு வயதுப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுக்கும்?

2022லும் 2023லும் பொன்னியின் செல்வன் படங்கள் வந்தபோது நல்ல வாய்ப்பு கிடைத்தது. பிள்ளைகள் நந்தினி யார், ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கேட்டார்கள். நாம் ஆங்கில மொழிபெயர்ப்பை ஆர்டர் செய்து கொடுத்தோம். கதை கிடைத்தது, தமிழ் கைநழுவியது. 2015ல் பாகுபலி வந்தபோதும் அப்படித்தான். கட்டப்பா ஏன் கொன்றார் என்று இரண்டு வருடம் இந்தியாவே கேட்டது. அரண்மனைத் துரோகத்துக்கு இருக்கிற இழுப்பு அது.

படிக்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு சம்பவம் சொல்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழர், அப்பா காலமான பிறகு அவருடைய நோட்டுப் புத்தகம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். பேங்க் ஆபீசர்தானே, கணக்கு பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்றார். யாருக்கு எவ்வளவு கொடுத்தது, யாருக்குத் திருப்பித் தரவேண்டியது, எல்லாம் தமிழில் இருந்தது. வாசித்துக்கொண்டே போனேன். கணக்குக்கு நடுவில் ஒரு பக்கத்தில் மகனைப் பற்றி நாலு வரி. அதையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். ஒரு அப்பா தன் பிள்ளைக்காக எழுதியதை வெளி ஆள் குரலில் அந்தப் பிள்ளை கேட்டது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் குறள் வேண்டாமா? வேண்டும், கதைக்குப் பிறகு. பொருட்பாலில் 59வது அதிகாரம் ஒற்றாடல், 89வது அதிகாரம் உட்பகை. ஐயார்களின் வேஷத்தையும் குரூர் சிங்கின் துரோகத்தையும் அறிந்த பிள்ளைக்கு இந்த இரண்டு அதிகாரமும் தானாகவே புரியும். வெளியே இருக்கும் படையைவிட உள்ளே இருக்கும் ஆள் ஆபத்து என்பதை வள்ளுவர் எதற்காக ஒரு அதிகாரமாகச் சொன்னார் என்று அதுவே கேட்கும். கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் பத்து மனப்பாடம்.

ராஜா கதை பழசு, ரத்தம், பழிவாங்கல் என்று சில அம்மாக்கள் தயங்குகிறார்கள். அதே பிள்ளை கம்ப்யூட்டர் கேமில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைச் சுடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கதையில் துரோகத்துக்கு விலை உண்டு, கேமில் அதுகூடக் கிடையாது.

என் யோசனை ரொம்ப எளிது. வாரத்தில் மூன்று நாள், இரவு இருபது நிமிடம். பொன்னியின் செல்வன் பெரியதாகத் தோன்றினால் பழைய அம்புலிமாமா தொடர்கதைகளில் ஆரம்பியுங்கள். நீங்கள் சத்தமாக வாசியுங்கள், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வரியைப் பார்க்கட்டும். கதவு திறக்கிற இடத்தில், கத்தி ஓங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு, "நாளைக்கு ஆபீஸ் இருக்கு" என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை மட்டும் மேஜைமேலேயே வையுங்கள். முதல் மாதம் ஒன்றும் நடக்காது. ஒருநாள் நீங்கள் வருவதற்குள் அடுத்த பக்கம் புரட்டப்பட்டிருக்கும். தப்பும் தவறுமாகத்தான் வாசித்திருக்கும். திருத்தாதீர்கள்.

உங்கள் வீட்டில் எந்தக் கதை பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். ஒரு பட்டியல் சேர்ந்தால் நம் எல்லோருக்கும் உபயோகம்.