ஏழை வீட்டு ஐரோப்பியச் சமையல்

ஐரோப்பியச் சமையல் என்று பேச்செடுத்தவுடனே, நம்மில் பலருக்கு நீண்ட மேஜையும், அதன்மேல் வெள்ளைத் துணியும், வரிசையாய் வைத்த கத்தி முள்ளும், தலைப்பாகை கட்டிய பட்லரும் மனக்கண் முன் வந்துவிடுகின்றன. மாமிசமும் மதுவும் இல்லாமல் அந்தச் சமையல் நடக்காது என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஐரோப்பியர்களில் நம்மவர் அதிகமாய்ப் பார்த்தது துரைமார்களைத்தான். கலப்பை பிடித்தவனும் கிழங்கு தோண்டியவனும் தங்கள் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்று நமக்குச் சொல்வாரில்லை.

அந்த அடுப்பில் வெந்ததெல்லாம் இன்றைக்கு ஓசூர்ச் சந்தையில் கூடை கூடையாய்க் கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு அடுத்த தளியின் குளிர்ச்சியைக் கண்டு வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். லாரியும் கைக்கடிகாரமும் செய்கிற ஆலைகளின் மதிலைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனால் கோஸ், பீன்ஸ், காரட், பீட்ரூட் தோட்டங்களைப் பார்க்கலாம். இராயக்கோட்டைச் சந்தையோ தக்காளிக்குப் பெயர் போனது.

ஆனால் இந்தச் செழிப்புக்குள்ளே ஒரு துயரமும் இருக்கிறது. விளைச்சல் மிஞ்சிவிட்டால் பறிக்கிற கூலிக்கும் விலை கட்டாமல், தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுகிற குடியானவர்கள் உண்டு. சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நம் வீடுகளில் தக்காளி என்றால் ரசத்துக்கு இரண்டு, கோஸ் என்றால் பொரியலுக்குக் கால் கிலோ. எவ்வளவு மலிந்தாலும் அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரிவதில்லை. மலிந்த காலத்தில் ஒரே வேளையில் கிலோக் கணக்கில் செலவழிக்கும் வித்தை ஐரோப்பாவின் ஏழைக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவற்றில் இரண்டை இந்த வாரம் பார்ப்போம்.

முதலாவது ஐர்லாந்து தேசத்துப் பண்டம். ‘கோல்கானன்’ என்று பெயர். உருளைக்கிழங்கும் கோஸும் பாலும் வெண்ணெயுமே இதில் சேருகின்றன. அக்டோபர் 31-ந் தேதி இரவுப் பண்டிகையன்று இதற்குள் ஒரு மோதிரத்தையும் நாணயத்தையும் ஒளித்து வைத்துப் பரிமாறுவார்கள். மோதிரம் யார் தட்டில் விழுகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது நம்பிக்கை!

நாலு பேருக்கு அரைக் கிலோ உருளைக்கிழங்கு, கால் கிலோ கோஸ், ஒரு பிடி வெங்காயத்தாள், முக்கால் டம்ளர் பால், 50 கிராம் வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போதும். கிழங்கைத் தோலுடன் வேகவைத்துச் சூட்டோடு உரித்து மத்தால் மசிக்கவும். மிக்ஸியில் மட்டும் போடவே கூடாது; மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசை மாதிரி ஆகிவிடும். கோஸை மெல்லியதாய் நறுக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிஷம் வேகவிட்டு நன்றாய் வடிக்கவும். வெங்காயத்தாளைப் பொடியாய் நறுக்கிப் பாலில் போட்டுக் காய்ச்சி, அந்தச் சூடான பாலைக் கிழங்கில் சிறிது சிறிதாய் ஊற்றிக் கலக்கவும். பிறகு கோஸும் உப்பும் மிளகும் சேர்த்து, தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து வெண்ணெயை வைக்கவும். ஒவ்வொரு கவளத்தையும் உருகிய வெண்ணெயில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

இவ்வளவு சாதுவான பண்டத்தின் பின்னால் பெரிய சோக சரித்திரம் இருக்கிறது. நிலமெல்லாம் ஜமீன்தார்களிடம் போனபின் ஐர்லாந்தின் ஏழைகள் உருளைக்கிழங்கு ஒன்றையே நம்பிப் பிழைத்தார்கள். 1845-ல் கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறித் தேசத்தை விட்டுப் போனார்கள். அந்தச் சமயத்திலும் ஐர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் போய்க் கொண்டேயிருந்தது. இது நமக்குப் புதிய கதை அல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போதும் இந்தியத் தானியம் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறிற்று. ஓசூர் அன்று சேர்ந்திருந்த சேலம் ஜில்லா அந்தப் பஞ்சத்தில் மிகவும் அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. ஐர்லாந்துக் குடியானவனும் நம் குடியானவனும் அனுபவித்தது ஒரே ஆட்சியின் கீழ்தான்.

இரண்டாவது பண்டம் இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ‘பாப்பா அல் பொமொதோரோ’ என்று பெயர். பயப்பட வேண்டாம், அந்த ஊரில் ‘பாப்பா’ என்றால் குழந்தைக்கு ஊட்டும் கூழ். ‘பொமொதோரோ’ என்றால் தக்காளி. வாரம் ஒரு முறை சுட்ட ரொட்டி கல்லாய்க் காய்ந்த பிறகு, அதை எறிந்துவிட மனமில்லாத கிருஹிணிகள் கண்டுபிடித்தது இது.

நன்றாய்ப் பழுத்த தக்காளி ஒரு கிலோ, தித்திப்பில்லாத பழைய ரொட்டி கால் கிலோ, பூண்டு நாலு பல், எண்ணெய் நாலு மேஜைக்கரண்டி, திருநீற்றுப் பச்சிலை ஒரு பிடி எடுத்துக்கொள்ளவும். தக்காளியைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்துத் தோலுரித்து நசுக்கவும். எண்ணெயில் பூண்டை நிறம் மாறாமல் வதக்கி, தக்காளியும் உப்பும் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க விடவும். இரண்டு மூன்று டம்ளர் வெந்நீர் விட்டு, பிய்த்த ரொட்டியைப் போட்டு, சின்னத் தீயில் கூழாகும் வரை கிளறவும். இறக்கியதும் இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்து, வெதுவெதுப்பாய்ச் சாப்பிடலாம்.

இத்தாலியர் போடும் வாசனை இலை வேறெதுவுமில்லை; நம் தோட்டத்துத் திருநீற்றுப் பச்சிலையின் இனந்தான். அதன் விதையைத்தான் ஸப்ஜா என்று கடையில் விற்கிறார்கள். எண்ணெய் அங்கே ஆலிவ் எண்ணெய். விலை ஜாஸ்தி என்று தோன்றினால் கடலை எண்ணெய் விடலாம். ருசி சற்று மாறும். நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம். அதன் மணம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

“இதெல்லாம் அந்நியர் சமையலாயிற்றே” என்று தயங்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. உருளைக்கிழங்கும் தக்காளியும் ஐரோப்பாவுக்கே அந்நியமானவை. அமெரிக்காக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில்தான் அங்கே போயின. நாம் தினம் அரைக்கும் மிளகாயும் அதே கண்டத்துச் சரக்குத்தான். அதைச் சொந்தமாக்கிக் கொண்ட நமக்கு இவை இரண்டும் ஒரு பாரமா? ஆகவே, அடுத்த முறை சந்தையில் தக்காளி விலை சரிந்தால், ஒரு கிலோ வாங்குமிடத்தில் இரண்டு கிலோவாக வாங்குங்கள். கொண்டு வந்த குடியானவர் கூடையைக் காலியாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பட்டும்.