குளிசையோடு உண்மையையும் கொடுங்கள்

2009 மே மாதத்தில் ஓய்ந்த போர் வன்னி மக்களிடம் விட்டுச்சென்ற மனவடுவைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மனச்சோர்வுக் குளிசைகளால் மீண்டவர்கள் உண்டு. மறுப்பவன் அல்லன் நான்.

ஆனால், புளுஒக்செற்றீன் போன்றவற்றை நிறுத்திய பின்னரும் சிலரிடம் பாலியல் குறைபாடு நீடிக்கக்கூடும் என்பதை மருந்துத் தகவல் தாளில் சேர்க்குமாறு ஐரோப்பிய மருந்து முகவரகம் 2019இல் பரிந்துரைத்தது. எத்தனை பேருக்கு என்பது தெளிவாகவில்லை. அதற்காக வாய்மூடி இருப்பதா?

"சொன்னால் பயந்து குளிசையை விட்டுவிடுவார்கள்" என்கிறார் மருத்துவ நண்பர். முள்ளிவாய்க்காலில் ஷெல் மழைக்குத் தப்பியவர்களையா ஐயா, ஒரு துண்டுத்தாள் பயமுறுத்தும்? கணவன் மனைவிக்குள்ளேயே பேசக் கூசும் விடயம் இது. காரணம் தெரியாதவர் தம்மையே நொந்துகொள்வார்; அல்லது ஒருவருக்கும் சொல்லாமல் குளிசையைத் திடீரென நிறுத்தித் தலைச்சுற்றலோடும் நித்திரையின்மையோடும் அல்லாடுவார்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குளிசையோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள். நிறுத்துவதானால் மருத்துவரைக் கேட்டு மெல்ல மெல்லக் குறைக்கும்படியும் அதிலேயே எழுதுங்கள்.